தொப்பி டிரையர் வாங்கப் போகிறீர்களா?

"வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுங்கள்" என்று சொன்னால் இப்போதெல்லாம் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். எண்ணெய் தேய்ப்பதில் சிரமமில்லை. சீயக்காய்த் தூள் கடையிலேயே கிடைக்கிறது. அதற்கப்புறம்தான் வில்லங்கம். "முடி காயணுமே டாக்டர்! எட்டேகாலுக்கு பஸ்ஸு. அதுக்குள்ள இவ்வளவு முடி எங்கே காயப் போகுது?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. தேரையர் தமது 'நோய் அணுகா விதி'யில் நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்று வகுத்தார். அந்தக் காலத்து வீட்டில் முற்றம் இருந்தது, முற்றத்தில் வெயில் இருந்தது, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார நேரமும் இருந்தது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பால்கனிக்கு வெயில் வரும் நேரத்தில் வீட்டில் ஆளே இருப்பதில்லை!

ஆகவே ஹேர் டிரையர். கையில் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும் டிரையர் நமக்குப் பழகிவிட்டது. அண்மையில் பலர் கேட்பது இன்னொன்றைப் பற்றி. பியூட்டி பார்லரில் நாற்காலிக்கு மேல் ஹெல்மெட் போலக் கவிழ்ந்து நிற்குமே, 'ஹூட் டிரையர்' என்பார்கள், அதை வீட்டுக்கே வாங்கலாமா என்கிறார்கள். நாம் தொப்பி டிரையர் என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

சித்த வைத்தியரிடம் கரண்ட் சாமானைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிரிக்க வேண்டாம். சாம்பிராணிக் கூடையை நினைத்துப் பாருங்கள். தணல் போட்ட தூபக்காலின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கூந்தலைப் பரப்பிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மெல்லிய சூடு, மெதுவாக எழும் காற்று, அதை வெளியே சிதறவிடாமல் ஒரு கூடு. தொப்பி டிரையர் செய்வதும் இதே வேலைதான். புகை மட்டும் இல்லை.

புகை இல்லாதது லாபம் என்றே சொல்வேன். என் துறைக்காரர்கள் சிலருக்கே இது பிடிக்காமல் போகலாம். சாம்பிராணி மணமாகத்தான் இருக்கும். ஆனால் மூடிய அறையில் தணல் கனிந்தால் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்ஸைடும் வரும். நுண்ணிய புகைத் துகள் நெஞ்சுக்குள் போகும். இரைப்பு உள்ளவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டிப் புகை காட்டும் வழக்கத்தை நான் தயவு தாட்சண்யம் இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். "நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்று பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

கடையில் பேசுவதெல்லாம் பளபளப்பு, சுருள், ஸ்டைல். நான் பார்ப்பது மண்டைத் தோலை. ஈரம் தங்கினால் தொந்தரவு முளைப்பது அங்கேதான். இடுப்பு வரை தொங்கும் முடியின் கீழ்ப்பாதி காற்றிலேயே காய்ந்துவிடும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் வேரோடு ஒட்டியிருக்கும் ஈரம் அப்படிப் போகாது. அதன் மேல் இறுக்கமாகப் பின்னலைப் போட்டு, நாலு முழம் பூவையும் வைத்துவிட்டால் சாயங்காலம் அவிழ்க்கும்போதும் சிலுசிலுவென்றுதான் இருக்கும்.

பொடுகை உண்டாக்குவதில் ஒரு வகை ஈஸ்ட் கிருமிக்குப் பங்கு உண்டு. எல்லார் தலையிலும் அது இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் ஈரமும் சேர்ந்த இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். இது பலருக்குத் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்று சொல்கிறேன். கல்லூரிக்குப் போகும் பெண்ணை ஓர் அம்மா அழைத்து வந்தார். "தலை பூரா ஈறு டாக்டர். பேன் மருந்து மூணு தடவை போட்டாச்சு, சீப்பு தேய்ஞ்சதுதான் மிச்சம்." முடியை விரலால் உருவிப் பார்த்தேன், மணல் மாதிரி நெருடியது. வெள்ளை வெள்ளையாகச் சிறு முடிச்சுகள், முடித்தண்டைச் சுற்றிலும் இருந்தன. பேனும் இல்லை, ஈறும் இல்லை. வெண் பியட்ரா என்று ஒரு பூஞ்சைத் தொற்று. ஈரத் தலையோடு பின்னிக்கொள்ளும் நீளமான கூந்தல்காரிகளிடம் நம் நாட்டில் பார்க்கிற ஒன்றுதான் இது. தோல் மருத்துவர் அந்த முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து உறுதி செய்தார். காளானைக் கொல்லும் மருந்து, முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஈரத்தோடு பின்னாமல் இருப்பது, இவைதான் சிகிச்சை. அந்தப் பெண் தினமும் காலை ஆறு மணிக்குத் தலைக்குக் குளித்து, ஆறரைக்குப் பின்னல் போடுபவள்.

அடுத்து, தலைபாரம். ஈரத் தலையிலிருந்து ஜலதோஷம் முளைப்பதில்லை. ஜலதோஷத்தைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதே சமயம், தண்ணீர் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். ஏற்கெனவே பீனிசம் உள்ளவர்கள் மணிக்கணக்கில் அந்தக் குளிர்ச்சியோடு இருந்தால் நெற்றி கனக்கிறது, மூக்கு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஐயம் மிகுந்த தேகிகள் என்று இவர்களைத்தான் சொல்வோம். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் இதமாக இருக்கும். தலையை ஒழுங்காகக் காயவைத்தால் பற்றுக்கே வேலை குறையும்.

ஆக, வேர்ப்பகுதி சீக்கிரம் காய வேண்டும், தோல் வேகக்கூடாது. வாங்கும்போது இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சூடு வேண்டுமா, காற்று வேண்டுமா?

முடி ஒரு பஞ்சு மாதிரி. தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். உப்பியிருக்கும்போது மேலே உள்ள செதில்கள் விரியும், இழுத்தால் ரப்பர் போல நீளும். அந்த நேரத்தில் சிக்கெடுத்தால் பட் பட் என்று அறுவதும் அதனால்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. 75 செ.மீ. கூந்தல் என்றால் அதன் நுனிக்கு ஆறு வயசு தாண்டிவிட்டது! ஆறு வருஷமாக வெயிலையும் சீப்பையும் பார்த்த நுனி அது. அதற்குப் போய் அடுப்புச் சூடு காட்டலாமா?

ஈர முடியில் கடும் சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து, முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாக ஓட்டை விழும். குமிழ் விழுந்த இடத்தில் முடி ஒடியும். பழுதான டிரையர்களில் இப்படி நடந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் டிரையரே வேண்டாம், தானாகக் காய்வதுதான் உத்தமம் என்று நானும் வெகு காலம் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2011-ல் தென்கொரியாவில் ஒரு சோதனை செய்தார்கள். முடிக்கற்றைகளைக் கழுவிக் கழுவி, வெவ்வேறு தூரத்தில் டிரையரைப் பிடித்துக் காயவைத்துப் பார்த்தார்கள். 5 செ.மீ. தூரத்தில் சூடு 95 டிகிரி, 10 செ.மீ.யில் 61, 15 செ.மீ.யில் 47. சூடு ஏற ஏற முடியின் மேற்பரப்பு கெட்டது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவே இருந்து தானாகக் காய்ந்த கற்றைகளில் முடியின் உட்செல்களை ஒட்டவைக்கும் பசைப்பகுதி உப்பிப்போயிருந்தது. மற்ற கற்றைகளில் அப்படி இல்லை. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே காயவைத்தால் தானாகக் காய்வதை விடச் சேதம் குறைவு என்று முடிவு சொன்னார்கள். வெட்டிய கற்றையில் செய்த சிறிய சோதனை இது, வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த 47 டிகிரியை மறந்துவிடாதீர்கள். மெல்லிய சூடு, நிறையக் காற்று என்பதற்கு அதுதான் கணக்கு.

கையில் பிடிக்கும் டிரையரில் நாமே தூரத்தை வைத்துக்கொள்ளலாம். தொப்பி டிரையரில் அது நம் கையில் இல்லை. அசைவும் இல்லை. அரை மணி நேரம் ஒரே இடத்தில் சூடு இறங்கும். அதனால்தான் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்கிறேன்.

என்னென்ன வகை?

பார்லரில் உள்ளது போல ஸ்டாண்டோடு நிற்பது ஒன்று. இடத்தை அடைக்கும். கூட்டுக் குடும்பத்தில் நாலு பெண்கள் இருந்தாலொழிய வீட்டுக்குத் தேவையில்லை. மேஜை மேல் வைத்து, கீழே நாற்காலியில் உட்கார்ந்து தலையை நுழைத்துக்கொள்வது இரண்டாவது. கெட்டியான பிளாஸ்டிக் தொப்பி, மடக்கி அலமாரியில் வைத்துவிடலாம். மூன்றாவது, துணிப்பை போன்ற மெத்துத் தொப்பி. அதிலிருந்து ஒரு குழாய் வரும். சிலவற்றில் குழாயின் மறுமுனையில் தனி மோட்டார் இருக்கும். சிலவற்றில் உங்கள் கை டிரையரையே செருகிக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு சிக்கல். இந்தக் கெட்டித் தொப்பிகள் பெரும்பாலும் தோள் வரை முடி வைத்திருப்பவர்களையும், ரோலர் சுற்றிக்கொள்பவர்களையும் நினைத்துச் செய்தவை. தொப்பிக்குள் இருக்கும் முடிதான் காயும். ஜடை நீளக் கூந்தல் வெளியே தொங்கிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். அடர்த்தியான நீள முடிக்கு மெத்துத் தொப்பி தேவலை, கொள்ளளவு அதிகம். இல்லையென்றால் கூந்தலை நாலு பாகமாகப் பிரித்து, தளர்வாகச் சுருட்டி உச்சியில் கிளிப் போட்டு, வேர்ப்பகுதி தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். கொண்டையாக இறுக்கினால் நடுவில் உள்ளது ராத்திரி வரை காயாது.

கை டிரையரைச் செருகும் மாடலில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காற்று தாராளமாக வெளியேறாவிட்டால் டிரையரே சூடாகி நின்றுவிடும். குழாய் மடங்காமல் இருக்க வேண்டும், பின்பக்க வலையைத் துணி மூடக்கூடாது. அதைவிட, தனி மோட்டார் உள்ளதே மேல்.

கடையில் ஓட்டிப் பாருங்கள்

வாட்ஸ் அதிகம் என்றால் உசத்தி என்று விற்பார்கள். அப்படியில்லை. வாட்ஸ் முக்கால்வாசி சூட்டுக்குத்தான் போகிறது. சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் இரண்டு மூன்று படி இருக்கிறதா, சூடே இல்லாத குளிர்காற்றுப் படி இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காற்றுப் படி இல்லாததை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டைமர் இருந்தால் நல்லது, உட்கார்ந்த வாக்கில் கண்ணயர்ந்துவிடும் ஆட்கள் உண்டு.

கடைக்காரரிடம் சொல்லி 5 நிமிஷம் ஓடவிடுங்கள். நடுச்சூட்டில் வைத்து, முன்கையின் உட்புறத்தைத் தொப்பிக்குள் உச்சியிலும் பக்கங்களிலும் காட்டுங்கள். குழந்தைக்கு வெந்நீர் பார்ப்போமே, அந்த மாதிரி. எங்கேயாவது சுரீர் என்றால் அந்த இடத்தில் சூடு குவிகிறது என்று அர்த்தம். தொப்பி முழுக்கத் துளைகள் பரவியிருந்தால் அப்படிக் குவியாது, உச்சியில் மட்டும் ஒரே துவாரம் என்றால் குவியும். மனிதத் தோலுக்கு 45 டிகிரி தாண்டினாலே வலி ஆரம்பித்துவிடும். காதுக்குப் பக்கத்தில் மோட்டார் இரைவதையும் கவனியுங்கள். அதைப் போட்டுக்கொண்டு, எதிரில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் அது நமக்கு ஆகாது.

உயரமும் பாருங்கள். மேஜை டிரையரைப் போட்டுக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டி அரை மணி உட்கார்ந்தால், தலை காயும், கழுத்து பிடித்துக்கொள்ளும். கழுத்தெலும்புத் தேய்மானக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

வீட்டு ஒயரிங்குக்கு வருவோம். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்ஸ் வரைதான் தாங்கும். 1,200 வாட்ஸுக்கு மேல் என்றால் பெரிய பவர் பிளக்கில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவே வேண்டாம். கரண்ட் கசிந்தால் நொடியில் துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினில் போட்டுக்கொள்ளுங்கள், டிரையர் வாங்காவிட்டாலும்கூட! பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே வேண்டாம், ஈரத் தரையில் வெறுங்காலோடும் வேண்டாம். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1,000 வாட்ஸ் அரை மணி ஓடினால் அரை யூனிட்.

பார்லர் மூடும்போது பழைய ஸ்டாண்டு டிரையரைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். ரொம்பப் பழையது என்றால் தொடாதீர்கள். அந்தக் காலத்து டிரையர்கள் சிலவற்றில் உள்ளே சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருந்தார்கள். 1979-ல் அமெரிக்காவில் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. நெஞ்சுக்கு ஆகாத நார் அது.

உபயோகிக்கும் முறை

முதலில் பாதி வேலையைத் துண்டு செய்யட்டும். பழைய பருத்தி வேட்டித் துணி இன்னும் நல்லது. அடித்துத் துவட்டாமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தால் நேரமும் சூடும் இரட்டிப்பு. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துவிட்டு உட்காருங்கள்.

தோடு, ஜிமிக்கி, மாட்டல், இரும்பு ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகம் சூடேறிக் காதைச் சுட்டுவிடும். காது கேட்கும் கருவியும் வெளியே. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஒருபோதும் வேண்டாம், முழுக்குக்கு முந்தின எண்ணெய் சீயக்காயில் போயிருக்க வேண்டும். ஸ்பிரே அடித்துக்கொண்டு உட்காருவதும் ஆபத்து, பல ஸ்பிரேக்கள் தீப்பற்றக்கூடியவை.

குறைந்த சூட்டில் 15 நிமிஷம், பிறகு குளிர்காற்றில் 5 நிமிஷம். வெளியே வந்து விரலை வேரில் விட்டுப் பாருங்கள். பிடரி ஈரமாக இருந்தால் இன்னொரு 10 நிமிஷம். கீழ்முடி கொஞ்சம் ஈரமாக இருந்தால் பரவாயில்லை, விரித்துவிட்டால் காற்றில் காயும். பின்னலை மட்டும் தள்ளிப்போடுங்கள். முடியாதா? தளர்வாக நுனியில் ஒரு முடிச்சு, ஆபீஸ் போய்ச் சேர்ந்து பின்னிக்கொள்ளலாம்.

ரிசப்ஷனுக்கு ரோலர் வைத்துச் சுருள் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரமான முடி எந்த வடிவில் காய்கிறதோ அந்த வடிவில் நிற்கும், அவ்வளவுதான் சூட்சுமம். முழுக்கக் காய்ந்து, ஆறின பிறகே ரோலரைக் கழற்ற வேண்டும். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் சுருள் ஃபோட்டோ எடுக்கும் வரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

இதில் உண்மையிலேயே பயனடைகிறவர்கள் யார் என்றால், கும்பவாதக்காரர்கள். தோள்பட்டை இறுகி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம். "ஜடை பின்னக்கூட மருமக வரணும் டாக்டர்" என்று கண்கலங்கிய ஓர் அம்மாவுக்குக் கை டிரையரால் என்ன பிரயோஜனம்? அரை மணி கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமே! தொப்பி டிரையர் என்றால் யார் தயவும் இல்லாமல் தலைமுழுகலாம். முடியை வெட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டில் எல்லாரும் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதில் இஷ்டமில்லை. மெத்துத் தொப்பிதான் வாங்கச் சொன்னேன்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குச் சூடு ஆகாது, குளிர்காற்றுப் படியில் மட்டும் முயன்று பார்க்கலாம். தலையில் காளாஞ்சகப்படை, புண், கொப்புளம் உள்ளவர்கள் ஆறும்வரை தள்ளி இருங்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே சுட்டுவிடும், கூடவே ஆள் இல்லாமல் கூடாது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீர் திடீரென்று உடம்பு அனலாகிறவர்களும் அதை விட்டுவிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், துண்டும் மின்விசிறியும் போதும்.

மாதம் ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று உள்ளே போகும் வலையைப் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். உதிர்ந்த முடியும் தூசியும் அடைத்தால் காற்று குறையும், சூடு ஏறும். கருகின வாசனை வந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு கேள்வி. "பொண்ணு அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வர்றேங்கிறா, அங்கே நிறைய மாடல் இருக்காமே?" இருக்கிறது. ஆனால் அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அப்படியே மாட்டினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு சூட்டில் கம்பி கருகிவிடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சின்ன அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது, பலர் ஏமாறுவது இங்கேதான். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வோல்ட்டேஜுக்கும் ஏற்றது என்று போட்டிருந்தால், பக்கத்தில் உள்ள சுவிட்சைத் திருப்ப மறக்காதீர்கள். "டிரான்ஸ்ஃபார்மர் வெச்சுக்கலாமே" என்பார் மாப்பிள்ளை. வைத்துக்கொள்ளலாம். 1,800 வாட்ஸ் டிரையரைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்!